இறுகிய உறுப்பைக் கழற்றும் கலை



சென்னை நகரின் வடபால், ராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் பகுதி, இயந்திரத் தொழிலோடு நெடுங்கால உறவுடையது. 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி ராயபுரம் நிலையத்திலிருந்தே புறப்பட்டது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம் எண்ணூரில் வேரூன்றி, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. திருவொற்றியூரில் எழுந்த என்பீல்டு தொழிற்சாலை, புல்லட் மோட்டார் சைக்கிளோடு நில்லாது, 1960-களில் ஃபன்டாபுலஸ் என்ற ஸ்கூட்டரையும் செய்து பார்த்தது. பெருந்தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் சிறு பட்டறைகள் தோன்றுவது இயல்பு. ஒரு தகரக் கூரை, ஒரு மரப் பெட்டி நிறைய ஸ்பானர்கள், தரையிலே பரப்பிய ஒரு கோணிப்பை: இவ்வளவே அவற்றின் மூலதனம்.

அத்தகைய பட்டறையொன்றில் பழைய ஸ்கூட்டரின் முன்சக்கர ஹப்பைப் பிரிக்கும்போது நிகழ்வதை இன்று உங்களுக்கு விளக்க எண்ணுகிறேன். இது மெக்கானிக்குகளின் வேலையன்றோ, மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் பௌதிகத்திலும் ரசாயனத்திலும் கற்கும் பாடங்களில் பாதி, கையகலமுள்ள அந்த உலோகத் துண்டுக்குள் அடங்கியிருக்கிறது. அஃதன்றி, முன்சக்கரம் என்பது வண்டி ஓட்டுபவரின் உயிரைத் தாங்குவது. முன் பிரேக் பிடிக்காமற் போனாலோ, சக்கரம் ஒரு பக்கமாக ஆடினாலோ விளையும் தீங்கை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

முதலில் அந்த உறுப்பை அறிந்துகொள்வோம். நம் நாட்டில் பழைய ஸ்கூட்டர் என்றால் பலர் நினைவில் எழுவது வெஸ்பாவும் அதன் வழிவந்த சேத்தக்கும் ஆகும். இத்தாலி நாட்டில் பியாஜியோ நிறுவனம் 1946-இல் வெஸ்பாவை வெளியிட்டது. அதனை அமைத்த கொராடினோ தஸ்கானியோ என்பவர் ஹெலிகாப்டர் ஆராய்ச்சியில் பெயர் பெற்ற விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இரு புறமும் இரு கால்கள் பற்றியிருக்கும். வெஸ்பாவிலோ விமானத்தின் இறங்கு சக்கரத்தைப்போல ஒரு புறத்தே ஒரே கால்தான். ஆதலால் பஞ்சரான சக்கரத்தைக் காரில் கழற்றுவதுபோலப் பக்கவாட்டில் கழற்றிவிடலாம். 1960-களில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமம் பெற்று இந்த ஸ்கூட்டரை நம் நாட்டில் செய்தது. உரிமம் முடிந்தபின் 1972-இல் அதே அமைப்பில் சேத்தக் பிறந்தது. அதனை வாங்கப் பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. 2009-இல் அந்நிறுவனம் ஸ்கூட்டர் தொழிலை விட்டு விலக முடிவு செய்தது. 2020-இல் மின்சார ஸ்கூட்டருக்கு அப்பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. எனினும் பெட்ரோலில் ஓடும் பழைய சேத்தக்குகள் இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கின்றன.

கைப்பிடியிலிருந்து கீழிறங்கும் எஃகுத் தண்டின் அடியில் குறுக்காக ஒரு பின் இருக்கிறது. அந்தப் பின்னைச் சுற்றி மேலும் கீழும் அசையுமாறு ஹப் பொருத்தப்பட்டிருக்கிறது. நம் முழங்கையை ஒத்த கீல் அது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் இந்தக் கீல் மடங்கி நிமிர்கிறது. அதிர்ச்சியை ஷாக் அப்சார்பர் வாங்கிக்கொள்கிறது. கீல் எளிதில் அசைவதற்காகப் பின்னைச் சுற்றி நீடில் பேரிங் வைத்திருக்கிறார்கள். பென்சில் முனையின் பருமனுள்ள எஃகு ஊசிகள் பல, மெல்லிய எஃகுக் கூட்டுக்குள் வரிசையாக நிற்பதே நீடில் பேரிங். ஹப்பின் உடலோ அலுமினியக் கலப்பு வார்ப்பு. அதன் நடுவே ஆக்ஸில் என்னும் அச்சு வேறு பேரிங்குகளில் சுழல்கிறது. ஆக்ஸிலின் மேல் பிரேக் டிரம், டிரம்முக்குள் பிரேக் ஷூக்கள். இவ்வளவே அமைப்பு.

இதில் எது தேய்கிறது? ஆக்ஸில் முழுச் சுற்றாகச் சுழல்வதால் அதன் பேரிங்குகள் சீராகத் தேயும். கீலில் உள்ள ஊசிகளுக்கோ அந்தப் பேறு இல்லை. அவை முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. ஒரே இடத்தில் சிறிது முன்னும் சிறிது பின்னுமாக உருள்கின்றன. அதனால் நாளடைவில் அந்த ஊசிகள் பின்னின்மேல் மெல்லிய பள்ளங்களை வரிவரியாக வெட்டிவிடுகின்றன. பின்பு கீலில் ஆட்டம் காண்கிறது. வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அதன் மேற்புறத்தை ஒரு கையாலும் கீழ்ப்புறத்தை மறு கையாலும் பற்றி அசைத்துப் பாருங்கள். கடகடவென ஆடினால் பேரிங் முடிந்தது என்று பொருள். அதற்கு மாறாக, கைப்பிடியை அழுத்தினாலும் முன்பக்கம் சிறிதும் அமுங்காமல் விறைத்து நின்றால், கீல் துருவேறி இறுகியிருக்கக்கூடும். இரண்டும் ஆபத்தே.

இனி, அவ்வுறுப்புகள் ஏன் இறுகுகின்றன என்று பார்ப்போம். வடசென்னையின் காற்று உப்புக் காற்று. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அலை உடையும்போது எழும் நுண்திவலைகளைக் காற்று ஏந்திவந்து எல்லாவற்றின்மேலும் தூவுகிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் மீன் வண்டிகள் ஐஸ் கரைந்த உப்பு நீரைச் சாலையெங்கும் சிந்திச் செல்கின்றன. அந்த நீரைச் சக்கரம் வாரி ஹப்பின்மேல் இறைக்கிறது. கீலின் இரு முனைகளிலும் உள்ள மூடிகள் பழுதுபட்டால் நீர் உள்ளே புகுந்து கிரீஸைப் பாழாக்குகிறது.

இரும்பு, நீரும் ஆக்ஸிஜனும் கூடிய இடத்தில் துருவாகிறது. உப்பு அந்த வினையை விரைவுபடுத்துகிறது. இங்கே ஒரு முக்கியமான உண்மையைக் கருத வேண்டும். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரு மடங்குக்கு மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். விரிவதற்கு இடமில்லாத இடுக்கில் துரு பிறந்தால் அது ஆப்பைப்போல இரு பரப்புகளையும் நெருக்கிப் பிடிக்கிறது. பட்டறையில் ‘ஜாம்’ ஆகிவிட்டது என்கிறார்களே, அதன் உட்பொருள் இதுவே.

அலுமினியமும் எஃகும் ஒட்டியிருக்கும் இடத்தில் மற்றொரு வினையும் நிகழ்கிறது. வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞர் வேறுவேறு உலோகத் தகடுகளை அடுக்கி, இடையிடையே உப்பு நீரில் நனைத்த அட்டைகளை வைத்து மின்சாரம் உண்டாக்கியதை 1800-இல் உலகுக்கு அறிவித்தார். நம் ஹப்புக்குள்ளும் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. உப்பு நீரும் இருக்கிறது. ஆகவே அங்கும் ஒரு சிறு மின்கலம் தானே அமைந்துவிடுகிறது. அதில் கரைந்து அழிவது அலுமினியம். அழிந்த அலுமினியம் வெண்மையான பொடியாக மாறி, அதுவும் இடுக்கை அடைத்து இறுக்குகிறது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது இதே உண்மையைக் கொண்டுதான். அங்கே கப்பலின் எஃகுக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னை அழித்துக்கொள்கிறது.

ஆக, இறுகிய உறுப்பைப் பிடித்திருப்பது இன்னதென்று தெரிந்துவிட்டது. பிடித்திருப்பது எது என்று தெரிந்தபின்பே கையில் சுத்தியலை எடுக்கவேண்டும். இந்த விதியை நான் புத்தகத்தில் கற்கவில்லை. ஒரு ஹப்பை உடைத்துக் கற்றேன்.

நான் ஆசிரியராகப் பணியாற்றிய நாளில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஒரு சேத்தக்கில் சென்று வந்தேன். ஒரு கோடை விடுமுறையில் அதன் முன் ஹப்பை நானே செப்பனிடுவது எனத் துணிந்தேன். ஆக்ஸில் வெளிவரவில்லை. துருவேறி இறுகியிருக்கிறது என்று முடிவு கட்டிப் பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்தேன். நாலாம் அடியில் அலுமினிய வார்ப்பு விண்டு போயிற்று. துண்டுகளைத் துணியில் கட்டிக்கொண்டு அருகிலிருந்த பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த முதியவர் ஹப்பின் வாயில் படிந்திருந்த கரிய கிரீஸை விரலால் வழித்தெடுத்தார். அடியில் சர்க்கிளிப் என்னும் எஃகு வளையம் தன் பள்ளத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. “பூட்டைத் திறக்காமல் கதவை உடைத்துவிட்டீர்களே, சார்!” என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. அந்த ஆக்ஸில் இறுகியிருக்கவே இல்லை. எந்தப் பிழையுமின்றித் தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு வளையத்தோடு நான் மல்லுக்கு நின்றிருக்கிறேன். வகுப்பறையிலும் சில பிள்ளைகளிடம் இவ்வாறே நடந்துகொண்டேனோ என்ற எண்ணம் அன்று என்னை வருத்தியது.

ஆகவே முதற்படி, துடைத்தல். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய பகை. ஆகையால் வாயால் ஊதாமலும் காற்றுக் குழாயால் அடிக்காமலும், ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பிரேக் கேபிளைத் தளர்த்திய பின்பே டிரம்மை இழுக்கவேண்டும். ஏனெனில், தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் ஒரு வரம்பு நின்றுவிடும். ஷூக்கள் அதில் மாட்டிக்கொண்டு டிரம்மை வெளிவிடா. கோட்டர் பின்னை நீக்காமல் ஆக்ஸில் நட்டைத் திருப்பலாகாது. ஸ்பீடாமீட்டர் கேபிளையும் அதன் சிறு பல்சக்கரத்தையும் முன்னதாக வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் ஆக்ஸில் நகரும்போது அதன் பற்கள் ஒடியும். இவையெல்லாம் பூட்டுகள். பூட்டுகள் அனைத்தையும் திறந்தபின்னும் ஓர் உறுப்பு அசையவில்லையென்றால், அப்பொழுதுதான் அது இறுகியதெனக் கொள்ளவேண்டும்.

இரண்டாம்படி, நனைத்தலும் காத்திருத்தலும். மண்ணெண்ணெயோடு மெல்லிய எஞ்சின் எண்ணெயைக் கலந்து, இடுக்கின் வாயில் சில துளிகள் விட்டு ஓர் இரவு வைத்திருப்பர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை விசையால் எண்ணெய் இடுக்குக்குள் ஊர்ந்து செல்கிறது. இடுக்கு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு ஆழம் அது செல்லவல்லது. ஆனால் மெதுவாகச் செல்லும். இங்கே நாம் செலவிட வேண்டியது பொழுது ஒன்றே. பொழுதைச் செலவிட மனமில்லாதவர் பொருளைச் செலவிட நேரும்.

மூன்றாம்படி, அதிர்த்தல். “அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்” என்பது நம் பழமொழி. அம்மியை உடைக்கும் ஓர் அடியைப் பற்றி அப்பழமொழி பேசவில்லை. சிறு சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டும்போது அதிர்வு துருப்படலத்தில் விரிசல்களை உண்டாக்குகிறது; விரிசல் வழியே எண்ணெய் மேலும் உட்புகுகிறது. எஃகின்மேல் எஃகால் நேரே அடிக்கலாகாது. கடினமாக்கப்பட்ட பேரிங்கிலிருந்து சில்லுத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். பித்தளைக் கம்பியையோ கெட்டி மரத்துண்டையோ இடையில் வைத்து, கண்ணாடி அணிந்து தட்டவேண்டும். ஆக்ஸிலின் முனையைத் தட்ட நேர்ந்தால் நட்டை மீண்டும் முனைவரை திருகி வைத்துக்கொண்டால் மரை நசுங்காது. திருகும் உறுப்பானால், தளர்த்துமுன் இம்மியளவு இறுக்கிப் பார்ப்பதும் பயன் தரும். எந்தப் பக்கமாக அசைந்தாலும் துருவின் பிடி விடும்.

நான்காம்படி, சூடேற்றுதல். இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. தாளும் பென்சிலும் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் எஃகு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். அலுமினியமோ 23 பங்கு விரியும். ஏறத்தாழ இரு மடங்கு. 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியத் துளைக்குள் எஃகுக் கூடு ஒன்று இறுகியிருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் 100 டிகிரி சூடேற்றினால் துளை 0.05 மில்லிமீட்டர் பெரிதாகும், கூடு 0.026 மில்லிமீட்டர்தான் பெரிதாகும். எஞ்சும் வேறுபாடு 0.024 மில்லிமீட்டர். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! அசைக்க முடியாத உறுப்பை விடுவிக்க இந்தச் சிறு இடைவெளி பெரும்பாலும் போதும். சூடு எவ்வளவு ஏறியது என்று அறிய ஒரு துளி நீரைத் தெளித்துப் பார்க்கலாம். ‘சுர்’ரென்று ஆவியானால் போதிய சூடு வந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரும்பு உருகுமுன் சிவந்து நமக்கு அறிவிக்கும். அலுமினியம் அவ்வாறு அறிவிப்பதில்லை. 660 டிகிரியில் உருகும் அந்த உலோகம், கலப்பு வார்ப்பில் அதற்கும் முன்பே நிறம் மாறாமல் இளகிச் சரிந்துவிடும். சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் பரவலாக அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஹப்பை வண்டியிலிருந்து பிரித்து, பெட்ரோல் தொட்டிக்கு நெடுந்தொலைவில் வைத்தே இதைச் செய்யவேண்டும். எண்ணெய் அடைபட்டிருக்கும் ஷாக் அப்சார்பரைச் சூடேற்றவே கூடாது, அது வெடிக்கக்கூடும். மாணவர்கள் இதைத் தாமே செய்ய முற்படாமல், பழகிய கைகள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தல் நலம்.

ஐந்தாம்படி, இழுத்தல். சுத்தியலின் அடி ஒரு நொடியில் வந்து போகும். அது எங்கே பாயும் என்பது உறுதியில்லை. திருகின் விசை நேராகவும் சீராகவும் வரும். ஆகையால் கீலின் பின்னையும் நீடில் பேரிங்கின் கூட்டையும் எடுக்க நல்ல மெக்கானிக்குகள் புல்லரையே நாடுவர். விலை கொடுத்து வாங்க இயலாதவர் ஒரு போல்ட், ஒரு நட், இரண்டு வாஷர், கூட்டைவிடச் சற்றே அகன்ற ஒரு குழாய்த் துண்டு ஆகியவற்றைக் கொண்டு தாமே ஒன்றைச் செய்துகொள்வர். குழாய் ஹப்பின்மேல் ஊன்றி நிற்கும். நட்டைத் திருகத் திருகப் போல்ட் கூட்டைக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். 10 மில்லிமீட்டர் போல்ட்டின் மரையில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ச்சி. இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையைக் கை ஒரு முறை சுற்றினால், அது செல்லும் தொலைவு ஏறத்தாழ 1,257 மில்லிமீட்டர். அதாவது, கை நகர்வது போல்ட் நகர்வதைவிட எண்ணூறு மடங்குக்கு மேல். உராய்வு அந்த ஆதாயத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எனினும் பத்துக் கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையோடு திருகினால், போல்ட் ஏறத்தாழ ஒரு டன் விசையோடு இழுக்கும். ஒரு மெல்லிய மனிதரின் கை, ஓசையே இல்லாமல், பயில்வானின் சம்மட்டி செய்யாததைச் செய்துவிடுகிறது.

ஒரு புறம் மூடிய துளைக்குள் பேரிங் சிக்கியிருந்தால் பற்றி இழுக்க இடமிராது. அதற்கும் ஓர் உபாயம் உண்டு. துளை நிறையக் கிரீஸை அடைத்து, பேரிங்கின் உள்வாயில் இறுகப் பொருந்தும் கம்பியொன்றை அதில் செலுத்தித் தட்டுவர். கிரீஸ் சுருங்காது, போக வேறு வழியுமில்லை. தன்மேல் விழுந்த அழுத்தத்தை எல்லாத் திசையிலும் பரப்பி, பேரிங்கைப் பின்புறத்திலிருந்து தள்ளி வெளியேற்றிவிடும். பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் வகுத்த விதியைப் பள்ளியில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது உயிரோடு இயங்குவதைக் கண்டது ஒரு பட்டறையின் கோணிப்பையின் மேல்தான்.

இவ்வளவும் பயன்படாவிடில், கடைசி வழியாகக் கூட்டை மெல்ல அரைத்து எடுப்பர். அதைத் துளையிட முயல்வது வீண். கடினமாக்கிய எஃகில் துரப்பணம் வழுக்கும். அரைக்கும்போதும் அலுமினியத்தைத் தொடாமல், கூட்டின் பருமனில் சிறிது எஞ்சும்போதே நிறுத்திவிட்டால், எஞ்சியது தானே நெக்குவிட்டு வரும். பழைய கூடு போவது பற்றிக் கவலையில்லை. அது இருந்த துளை பழுதுபடாதிருக்க வேண்டும். எதை இழக்கலாம், எதைக் காக்கவேண்டும் என்ற இந்தத் தெளிவு எல்லாத் தொழிலுக்கும் பொது.

பழையது வெளிவந்துவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை. புதிய பேரிங்கை ஐஸ் பெட்டியில் குளிரவைத்து, ஹப்பை இளஞ்சூடாக்கிப் பொருத்தினால் அது சண்டையின்றி உள்ளே அமரும். பள்ளம் விழுந்த பழைய பின்னைப் புதிய ஊசிகளோடு சேர்க்கலாகாது. சேர்த்தால் விரைவிலேயே ஆட்டம் திரும்பும். மூடிகளும் புதியனவாக இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உலோகமும் உலோகமும் கூடுமிடமெங்கும் கிரீஸ் தடவியே பொருத்தவேண்டும்.

என் ஹப்பைச் சரிசெய்துகொடுத்த அந்த முதியவர், யார் கண்ணுக்கும் தெரியாத இடங்களிலெல்லாம் கிரீஸை விரலால் தடவிக்கொண்டிருந்தார். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். “இதை இன்னொரு நாள் இன்னொருத்தன் திறப்பான், சார். அவன் நம்மைத் திட்டக் கூடாது” என்றார். அந்த இன்னொருவன் யாரென அவருக்குத் தெரியாது. அவர் காலத்துக்குப் பின் வரும் ஓர் இளைஞனாகவும் இருக்கலாம். ஆயினும் அவனுக்காக அவர் அரை மணி நேரம் செலவிட்டார். அந்த ஸ்கூட்டரின் கீலை நான் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பிரிக்க நேர்ந்தது. சுத்தியலுக்கு வேலையே இருக்கவில்லை. புல்லரைப் பொருத்தித் திருகியவுடன் பின் அமைதியாக வெளியே வந்தது. ‘இன்னொருத்தன்’ என்று அவர் சொன்னது என்னையேதான் என்பதை அப்போது உணர்ந்தேன்.

மாணவர்களே! அடுத்த முறை உங்கள் தெருப் பட்டறையைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று பாருங்கள். அங்கே ஒருவர் ஓர் உறுப்பைக் கையில் வைத்து, சுத்தியலைத் தொடாமல், நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் சும்மா இருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அதைப் பிடித்திருப்பது எது என்று அவர் தேடிக்கொண்டிருக்கிறார். வேலையில் கடினமான பகுதி அதுதான்.